சம்மதம் யாருடையது? 10 மணி நேர வேலையும் நம்மவர் பாடும்

மும்பை:
மாதம் பிறந்தால் சீசன் டிக்கெட் புதுப்பிக்க எங்கள் ஜன்னலுக்கு வருகிறவர்களில் நெல்லைக்காரர் ஒருவர் உண்டு. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். காலை ஏழு மணிக்கு முன் டோம்பிவிலியில் ரெயில் ஏறினால், இரவு பத்து மணிக்குத்தான் திரும்புகிறார்.

"தம்பி, நான் போகும்போதும் மகள் தூங்குகிறாள், வரும்போதும் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு அப்பா" என்றார்.

இது அவர் ஒருவர் கதை அல்ல.

70 மணி, 90 மணி

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்னார் இன்போசிஸ் நாராயணமூர்த்தி. வாரம் 90 மணி நேரம், ஞாயிறும் வேலை என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் பேசியது 2025 ஜனவரியில் வெளியாகி கண்டனத்துக்கு உள்ளானது.

90-ஐ ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். கல்யாண், அம்பர்நாத்தில் இருந்து வருகிறவருக்குப் போக வர நாலு மணி நேரம் அதோடு சேரும். மிச்சம் ஏழு மணி நேரம். அதற்குள்தான் குளியல், சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள் எல்லாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 செப்டம்பர் 3-ந் தேதி மராட்டிய மந்திரிசபை ஒரு முடிவு எடுத்தது. தினசரி வேலை நேர வரம்பை தொழிற்சாலைகளில் 9 மணியில் இருந்து 12 ஆகவும், கடை, கம்பெனிகளில் 9-ல் இருந்து 10 ஆகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது. கடைகள் சட்டத்தின் முழு விதிகளும் 20 பேருக்குக் குறையாத இடங்களுக்கே என்றும், சிறிய கடைகள் தகவல் தெரிவித்தால் போதும் என்றும் சொல்லப்பட்டது.

அதே ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அவற்றின்படி வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். நியமனக் கடிதமும் கட்டாயம்.

இதுவரை சம்பளம் இல்லாமல் வாங்கிய வேலைக்கு இனி கூலி கிடைக்கும் என்பது ஆதரிப்போர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிக்கல் "சம்மதம்" என்ற சொல்லில் இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் என்று கழுத்தில் சுமை தொங்கும்போது, முதலாளி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

தாராவியில் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகளில் நிலைமை இன்னும் மோசம். வருகைப் பதிவேடே இல்லாத இடத்தில் ஓவர்டைமை எதை வைத்துக் கணக்கிடுவது?

கேட்டால்தான் கிடைக்கும்

எங்கள் ரெயில்வேயில் பணி நேரப் பட்டியல் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அது சும்மா வந்ததல்ல. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. அதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர், வேலை இழந்தனர்.

தமிழகத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது.

சங்கம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்மதக் கடிதத்தைப் படித்துப் பார்த்து, புரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். வேலைக்கு நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த நோட்டு கைகொடுக்கும்.

நெல்லைக்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். மறுமாதம் வந்தபோது சட்டைப் பையில் இருந்து சிறு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். முப்பது நாளில் 52 மணி நேரம் கூடுதல் வேலை. கூடுதல் சம்பளம் ஒரு ரூபாய் கூட இல்லை.