சட்டமா, மேனேஜரின் தயவா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி – பூந்தமல்லி வட்டாரத்துக் கிடங்குகளிலும் இன்று ஒரு புதிய வேதம் ஓதப்படுகிறது. "விதி, விதி என்று ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? விதி உயிரற்றது, மனிதனுக்கு மனம் இருக்கிறது. பொறுப்பில் உள்ள அதிகாரி ஆளைப் பார்த்து, நிலைமையைப் பார்த்து நியாயமாக முடிவு செய்வார். அவர் கையைக் கட்டாதீர்கள்!" இதுதான் அந்த வேதத்தின் சாரம்.

முதலாளிமார் சங்கங்கள் இதைச் சொல்வதில் ஆச்சரியமில்லை. தொழிலாளிகளிலேயே சிலர் இதை நம்பிவிடுகிறார்கள். "எங்கள் மேனேஜர் தங்கமான மனிதர், தோழரே! எங்களுக்கு எதற்கு நிலையாணை?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தயவு யாருடைய சொத்து?

ஒரே நாளில் இரண்டு தொழிலாளிகள் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் யார் வம்புக்கும் போகாதவர். மற்றவர், முந்தின வாரம் கான்டீன் சாப்பாடு சரியில்லை என்று பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கியவர். எழுதிய விதி இருந்தால் இருவருக்கும் ஒரே கதிதான். "நிலைமையைப் பார்த்து முடிவு" என்றால் என்ன நடக்கும்? முதல்வருக்குச் சிரிப்பு, இரண்டாமவருக்குக் கேட்டு அடைப்பு! பார்க்கப்படுவது தாமதம் அல்ல, மனுவில் இருந்த கையெழுத்து.

அந்தத் தங்கமான மேனேஜர் யார்? அவரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். அவருடைய இரக்கம் அவருடைய சொந்தச் சொத்து அல்ல. "ஆளைக் குறை" என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தால், நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசிய அதே மனிதர் இன்று கண்ணைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டுவார். குற்றம் அவர் குணத்தில் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. நல்ல மேனேஜர் மாற்றலாகிப் போகலாம். நல்ல விதி மாற்றலாகிப் போகாது.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே" என்பது நம் நாட்டுப் பழமொழி. பூசாரியின் மனம் கோணாமல் வாழ்நாள் முழுவதும் நடந்துகொள் என்பதுதான் இந்தப் புதிய வேதத்தின் உபதேசம்!

எழுத்தில் வந்தது எப்படி?

நிலையாணை என்பது முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்த தானம் அல்ல. ஒரு காலத்தில் ஆலைக்குள் எடுத்ததும் மேஸ்திரி, விட்டதும் மேஸ்திரி. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளிகளின் குமுறலில் பெரும்பங்கு கூலியைப் பற்றி மட்டுமல்ல. மேலதிகாரிகளின் அடாவடி நடத்தையைப் பற்றியும்தான். பம்பாயில் 1938ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் நிலையாணைக்கு முதலில் சட்ட வடிவம் கொடுத்தது. பிறகு 1946இல் தொழில் நிறுவன வேலை நிலையாணைகள் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

அந்தச் சட்டம் செய்தது என்ன? 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் வேலை நேரம், லீவு, சஸ்பென்ஷன், தண்டனை, நீக்கம் எல்லாவற்றுக்கும் விதி எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளி தயாரித்த நகல் சங்கத்துக்கு வர வேண்டும். சங்கம் ஆட்சேபம் சொல்லலாம். சான்றளிக்கும் அதிகாரி விசாரித்துத்தான் முத்திரையிட வேண்டும். அப்படி முத்திரை பெற்ற விதி, பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரிந்த மொழியில், வாசலருகே பலகையில் தொங்க வேண்டும்.

முதல் பத்து ஆண்டு இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. விதி நியாயமானதா என்று பார்க்க அந்த அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. 1956இல் வந்த திருத்தம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. 1982இல் இன்னொரு திருத்தம்: விசாரணைக்காக சஸ்பெண்டு செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், விசாரணை தொழிலாளியின் குற்றமின்றி நீண்டால் அதன்பிறகு முக்கால் சம்பளம் பிழைப்பூதியமாகக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு வரியும் வேலைநிறுத்தங்களாலும் வழக்குகளாலும் வாங்கப்பட்ட வரி.

விதியும் கடிக்கும்

"அப்படியானால் கண்டிப்பான விதி இருந்தால் போதும் என்கிறீர்களா?" என்று எதிரணி கேட்கும். இல்லை! கண்டிப்பான விதியிடமும் தொழிலாளி கடிபட்டிருக்கிறான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அதே பி அண்டு சி மில்லில் ஒரு நிலையாணை இருந்தது. அனுமதியின்றித் தொடர்ந்து 8 வேலை நாள் வராதவர் தாமே வேலையை விட்டுப் போனவராகக் கருதப்படுவார் என்பது அதன் ஷரத்து. நோயால் வர முடியவில்லை என்று மருத்துவச் சான்று காட்டிய தொழிலாளி ஒருவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1963இல் தீர்ப்பு மில்லுக்கே சாதகமாக வந்தது. தொழிலாளி வீட்டுக்குப் போனார்.

இந்த ஷரத்தின் வாலைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி கொடுக்கும் விளக்கம் "நிர்வாகத்துக்குத் திருப்தி அளித்தால்" அந்த நாட்களைச் சம்பளமில்லாத லீவாக மாற்றலாம் என்று அதிலேயே இருந்தது. பார்த்தீர்களா சூட்சுமத்தை? எட்டு நாள் கணக்கு தொழிலாளிக்கு இரும்பு. திருப்தி என்ற சொல் முதலாளிக்கு மெழுகு! கண்டிப்பும் தயவும் சண்டைக்காரர்கள் அல்ல. இரண்டும் ஒரே கை ஆட்டும் இரண்டு பொம்மைகள்.

இதை மாற்ற முப்பது ஆண்டு பிடித்தது. 1993இல் டி.கே. யாதவ் வழக்கில், நிலையாணையில் தானாக வேலை போகும் என்று எழுதியிருந்தாலும் தொழிலாளியின் பதிலைக் கேட்காமல், விசாரிக்காமல் வேலையைப் பறிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இதற்கு முன்பே, 1990இல் டெல்லிப் போக்குவரத்துக் கழக வழக்கில், காரணம் சொல்லாமல் நிரந்தர ஊழியரை நீக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் தந்த ஒழுங்குவிதி செல்லாது என்றும் தீர்ப்பாகியிருந்தது.

ஆகவே நம் கட்சியின் நிலை தெளிவானது. விதி எழுத்தில் இருக்க வேண்டும். அதை எழுதும்போது தொழிலாளியின் குரல் இருக்க வேண்டும். அதைப் பிரயோகிக்கும்போது தொழிலாளியின் பதிலைக் கேட்க வேண்டும். தண்டனையை முதலாளியின் ஆள் அல்லாத ஒருவர் மறுபரிசீலனை செய்ய வழி வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விதி வேலியாக இராது. வேலியே பயிரை மேயும்.

300 என்ற கோடரி

இப்படி அரை நூற்றாண்டுக்கு மேல் கட்டிய சுவரில் மோடி அரசாங்கம் கோடரி போட்டுவிட்டது. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த நாடாளுமன்றத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நிறைவேற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று மற்ற மூன்று தொகுப்புகளோடு சேர்த்து அது அமலுக்கு வந்தது. அதன்படி நிலையாணை கட்டாயம் என்பது 300 பேர் வேலை செய்யும் இடத்துக்கு மட்டுமே! மத்திய அரசின் மாதிரி நிலையாணையை முதலாளி அப்படியே ஏற்றுக்கொண்டால் அது சான்று பெற்றதாகவே கருதப்படும் என்றும் எழுதிவிட்டார்கள்.

அம்பத்தூருக்கு இதன் அர்த்தம் என்ன? 1964இல் உருவான தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் 300 பேரை மஸ்டரில் காட்டும் கூடங்களை விரல்விட்டு எண்ணத்தான் வேண்டும். லேத்துப் பட்டறை, பிரஸ் ஷாப், பெயிண்டு ஷாப், ஆயத்த ஆடைக் கூடம் எல்லாம் ஐம்பது, நூறு, இருநூறு ஆட்கள் உள்ள இடங்கள். 100க்கும் 300க்கும் இடையில் நிற்கும் தொழிலாளிக்கு, நேற்றுவரை வாசலில் தொங்க வேண்டிய பலகை இன்று கட்டாயம் இல்லை. வேலை போனால் அவர் தகராறு எழுப்பலாம்தான். ஆனால் எந்த விதியை மீறினார், அந்த மீறலுக்கு என்ன தண்டனை என்று காட்ட எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால், எதை வைத்து வாதாடுவார்?

"சிறுதொழிலுக்கு நிலையாணை பாரம்" என்கிறார்கள். சிறுதொழிலை நசுக்குவது பலகையில் தொங்கும் பத்துப் பக்கமா, அல்லது பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் பில் தொகையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் தொழிற்பேட்டைக்குள் புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்ததே, அதுவா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது.

இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி "சோஷலிச பாணிச் சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. அன்று சொல்லில் மட்டுமாவது சோஷலிசம் இருந்தது. இன்றைய ஆட்சியாளர்கள் அந்த வேஷத்தையும் களைந்துவிட்டு, "தொழில் செய்வதை எளிதாக்குகிறோம்" என்று வெளிப்படையாகவே முதலாளிக்குச் சாமரம் வீசுகிறார்கள்.

செல்போனுக்குள் இருக்கும் மேஸ்திரி

கொரட்டூரிலும் முகப்பேரிலும் ஆவடியிலும் பூந்தமல்லி சாலையிலும் முதுகில் பையோடு பறக்கும் இளைஞர்களைப் பாருங்கள். இவர்களுக்கு மேஸ்திரி செல்போனுக்குள் இருக்கிறான். "கம்ப்யூட்டருக்குச் சாதியில்லை, கோபதாபமில்லை, எல்லோருக்கும் ஒரே விதி" என்று கம்பெனிகள் பெருமை பேசுகின்றன.

அந்த ஒரே விதி எங்கே எழுதியிருக்கிறது? எந்தக் கணக்கில் ஆர்டர் வருகிறது, எத்தனை ரேட்டிங் குறைந்தால் ஐ.டி. பிளாக் ஆகும், ஊக்கத்தொகை ஏன் நேற்று ஒன்று இன்று ஒன்று என்று கேட்டால் பதில் இல்லை. மழை வெள்ளத்தில் வண்டி நின்றதா, சிக்னலில் போலீஸ் மறித்ததா என்று கம்ப்யூட்டர் கேட்பதில்லை. இரக்கம் வேண்டிய இடத்தில் இரும்பு விதி! ஐ.டி. பிளாக் ஆன பிறகு டீம் லீடரைத் தேடிப் போனால், "மேலே பேசிப் பார்க்கிறேன்" என்கிறார். விதி வேண்டிய இடத்தில் பூசாரியின் தயவு! பி அண்டு சி மில் ஷரத்து செல்போனுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, வேறென்ன?

கொடுமை இதோடு முடியவில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைப் பாரம்பரிய முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்று வகைப்படுத்திவிட்டது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் 15 அன்று இவர்களுக்கு நல வாரியம் அறிவிக்கப்பட்டு, பிறகு அமைக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் வாரியம் உதவித் தொகை தரும்; பிளாக் ஆன ஐ.டி.யைத் திறந்து தருமா? பக்கத்துக் கர்நாடகத்தில் 2025இல் இயற்றிய சட்டம், எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் நீக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024இல் கொண்டுவந்த நெறிமுறை, கணக்கை முடக்கும் முடிவை இயந்திரத்திடம் விடக் கூடாது, மனிதன்தான் எடுக்க வேண்டும், எழுத்தில் காரணம் தர வேண்டும் என்கிறது. முதலாளித்துவ நாடுகளிலேயே போராட்டத்தால் இவ்வளவு முடிந்திருக்கும்போது, சென்னையில் ஏன் முடியாது?

சுயக் கட்டுப்பாடு என்ற கட்டுக்கதை

"எங்களை நாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம்" என்று சொன்ன இன்னொரு கூட்டம் இணையச் சூதாட்டக் கம்பெனிகள். மக்கள் மாண்ட பிறகு தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் அதை மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஒப்புதல் வந்தது. மத்திய அரசோ 2023 ஏப்ரலில், எந்த விளையாட்டு சரி என்று பார்க்கும் வேலையைச் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் விட விதி செய்தது. கடைசியில் என்ன ஆயிற்று? 2025 ஆகஸ்டில் அதே மத்திய அரசே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டம் போட நேர்ந்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவர்கள், பானை காலியான பிறகு விழித்தார்கள்!

சர்க்கார் அலுவலகத்திலும் இதே நோய்தான். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிகள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் தலையானது. சட்டம் இருந்தது, மனு இருந்தது, கையெழுத்து மட்டும் வரவில்லை. ஐகோர்ட்டு கெடு விதித்த பிறகு 2025 ஜனவரியில்தான் பதிவு நடந்தது. விதி இருந்தும் அதிகாரியின் மனம் குறுக்கே நின்றால் இதுதான் கதி. அதை நகர்த்தியது இரக்கம் அல்ல, ஒற்றுமை.

நாம் கேட்பது

ஒன்று: எத்தனை பேர் வேலை செய்தாலும் எழுத்தில் நிலையாணை, தமிழில், வாசலில்.

இரண்டு: சங்கத்தின் ஆட்சேபத்தைக் கேட்காமல் எந்த விதிக்கும் முத்திரை கூடாது.

மூன்று: குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் வேலை நீக்கமோ ஐ.டி. முடக்கமோ கூடாது.

நான்கு: டெலிவரி, டாக்சித் தொழிலாளிகளுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம், முடக்கத்தை எதிர்த்து முறையிட கம்பெனிக்கு வெளியே ஓர் அதிகாரி.

ஐந்து: நான்கு சட்டத் தொகுப்புகளும் வாபஸ்.

300 பேர் என்ற கோடு முதலாளி போட்ட கோடு. ஒரு பட்டறையில் நாற்பது பேர் என்றால், ஒரு தெருவில் நானூறு பேர். தொழிற்பேட்டை முழுவதும் பல்லாயிரம் பேர். பட்டறை பட்டறையாகப் பிரிந்து நின்றால் நாம் மேனேஜரின் முகம் பார்க்க வேண்டியவர்கள். பேட்டை பேட்டையாகச் சேர்ந்து நின்றால் நம் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பட்டறை வாசலிலும், ஒவ்வொரு டெலிவரி ஹப் முன்னாலும் இந்த ஐந்து கோரிக்கைகளுக்குக் கையெழுத்துத் திரட்டுவோம்.

தயவு வேண்டாம், உரிமை வேண்டும்!