போரை மறுக்கும் மூன்றாங் கட்சி

இரு பெருங் கட்சிகளும் போரை ஆதரிக்குமிடத்து, போரை வெறுக்கும் குடிமகன் எவருக்கு வாக்களிப்பான்? 2010ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் முன்னின்ற இருவருள் ஒருவர் போரை நடத்திய சனாதிபதி. மற்றவர் அதனை முன்னின்று நடத்திய இராணுவத் தளபதி. 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எம் முசலி முஸ்லிம் மக்கள் முன்னும் இத்தெரிவே பெரிதாய் நின்றது. போரை எதிர்த்துவந்த விக்கிரமபாகு கருணாரத்தின பெற்ற வாக்குகளோ சொற்பம்.

மூன்றாங் கட்சி வீண் என்பாருக்கு எமது விடை இது: லங்கா சமசமாசக் கட்சி இரண்டாம் உலகப் போரை எதிர்த்தது; 1940இல் அதன் தலைவர்கள் சிறைப்பட்டனர். ஆயினும் 1947இல் அக்கட்சி 10 இடங்களை வென்றது, என். எம். பெரேரா எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆதலின், மாணவர்காள், போர் வேண்டாவெனுங் கட்சியொன்று வாக்குச்சீட்டில் என்றும் இருத்தல் வேண்டும். அஃது ஆளாதெனினும், ஆள்வோரை வினவும்.