எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்



பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் கரையில் உள்ள ஊர் லப்பைக்குடிக்காடு. ஆற்றுக்கு அக்கரையில் திட்டக்குடி. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலை பார்ப்பவர்கள் இவ்வூரில் பல வீடுகளில் உண்டு. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்குப் பரிசுப் பொருள் வாங்கி வருவது வழக்கம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் கைப்பேசியுடன் என் வீட்டுக்கு வந்தாள். திரையில் ஒரு காமிரா விளம்பரம். "சார், இதுல 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்னு போட்டிருக்கு. விலையும் கம்மி. அத்தா வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்குறாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க சார்" என்றாள்.

"காமிராவில் எதைப் படம் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"கரைவெட்டி ஏரியில வாத்து" என்றாள்.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அந்த ஏரியை நிரப்புகிறது. 2024-ஆம் ஆண்டு அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. குளிர்காலத்தில் அங்கு வரும் விருந்தாளிகளுள் வரித்தலை வாத்து முக்கியமானது. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பறவை அது. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள் இருப்பதால் இப்பெயர். அந்தப் பட்டைகள் தெரியும்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதே மாணவியின் ஆசை.

அந்த விளம்பரக் காமிராவில் அது நடக்காது என்று சொன்னேன். ஏன் நடக்காது என்பதை உங்கள் பாடப்புத்தக இயற்பியலைக் கொண்டே விளக்கலாம்.

என்னுடைய பழைய தவறு

முதலில் என் கதை ஒன்று. 2005-ஆம் ஆண்டு வாக்கில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அக்காள் மகனுக்கு ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கிக் கொடுத்தேன். பெட்டியின் மேல் '12 மடங்கு' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். பையன் ஆற்றங்கரைக்கு ஓடினான். அக்கரையில் நின்ற கொக்கைப் படம் எடுத்தான். வெள்ளையாக ஒரு கறைதான் வந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மிகச் சிறிய எழுத்தில், ஒளியியல் ஜூம் 3 மடங்கு, டிஜிட்டல் ஜூம் 4 மடங்கு என்று இருந்தது. மூன்றையும் நான்கையும் பெருக்கிப் பன்னிரண்டு ஆக்கியிருந்தார்கள்! பையன் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. காமிரா மட்டும் அலமாரிக்குப் போய்விட்டது. இயற்பியல் படித்த நானே ஏமாந்தேன் என்றால், விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்குபவர்கள் என்ன செய்வார்கள்?

இரண்டு வகை ஜூம்

ஒளியியல் ஜூமில் லென்சுகள் முன்னும் பின்னும் நகர்ந்து குவியத்தூரத்தை மாற்றுகின்றன. குவியத்தூரம் கூடினால், உணரியின் மேல் விழும் பிம்பம் உண்மையாகவே பெரிதாகிறது. டிஜிட்டல் ஜூமில் லென்சு அசைவதே இல்லை. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். ஒரு படி பாலில் மூன்று படி தண்ணீர் ஊற்றி, நான்கு படி பால் என்று சொல்வதைப் போன்றது இது. பாத்திரம் நிறையும், பால் ஒரு படிதான்.

மாணவி காட்டிய விளம்பரத்தின் அடியில் விவரங்களைத் தேடிப் படித்தோம். 16 மடங்கு முழுவதும் டிஜிட்டல். அந்தக் காமிராவின் லென்சு நகரவே நகராது.

'மடங்கு' எதைச் சொல்கிறது?

ஒளியியல் ஜூமாகவே இருந்தாலும், மடங்கு என்பது ஒரு விகிதம் மட்டுமே. மிக நீண்ட குவியத்தூரத்தை மிகக் குறுகிய குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது அது. 24 முதல் 240 மி.மீ. வரை செல்லும் லென்சு 10 மடங்கு. 100 முதல் 400 மி.மீ. வரை செல்வது 4 மடங்கு. ஒரே அளவு உணரியுடன் பயன்படுத்தினால், தொலைவில் உள்ள பறவையை எது பெரிதாகக் காட்டும்? இரண்டாவதுதான். அதனால் கடைக்காரரிடம் "எத்தனை மடங்கு?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். லென்சின் முன் விளிம்பைப் படியுங்கள். குவியத்தூரத்தின் இரு எல்லைகளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக, கேனன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பவர்ஷாட் எஸ்எக்ஸ் 70 என்ற காமிராவின் லென்சு 3.8 முதல் 247 மி.மீ. வரை செல்வது, எஃப் எண் 3.4 முதல் 6.5 வரை. 247-ஐ 3.8-ஆல் வகுத்தால் 65. இது உண்மையான ஒளியியல் 65 மடங்கு. இதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட ஓர் எண் வேண்டும், அவ்வளவே.

இதோ கணக்கு

வெகு தொலைவில் உள்ள பொருளுக்கு, பிம்பத்தின் அளவு = குவியத்தூரம் × பொருளின் அளவு ÷ பொருளின் தொலைவு. வரித்தலை வாத்தின் நீளம் சுமார் 75 செ.மீ. அது 100 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம்.

மேற்சொன்ன காமிராவில் பிம்பத்தின் நீளம் சுமார் 1.85 மி.மீ. அதன் உணரியின் அகலம் சுமார் 6.2 மி.மீ.; அந்த அகலத்தில் 5,000-க்கு மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. ஆகவே வாத்தின் மேல் விழுபவை சுமார் 1,500 புள்ளிகள்.

இப்போது 5 மி.மீ. குவியத்தூரமும், 6.4 மி.மீ. அகலத்தில் 4,000 புள்ளிகளும் கொண்ட ஒரு கைப்பேசிக் காமிராவை எடுத்துக்கொள்வோம். வாத்தின் பிம்பம் 0.0375 மி.மீ.; அதாவது சுமார் 23 புள்ளிகள். இருபத்து மூன்று புள்ளிகளில் ஒரு வாத்தையும் அதன் தலைப்பட்டைகளையும் வரைய முடியுமா? ஒரு கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைந்து பாருங்கள்.

"அப்படியானால் 48 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல் என்று புள்ளிகளைக் கூட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் ஒளி அலையாக இருப்பது குறுக்கிடுகிறது. சிறு துவாரத்தின் வழியே செல்லும் ஒளி சற்றே விரிகிறது. இதுவே விளிம்பு விளைவு. ஆகவே புள்ளி போன்ற பொருளின் பிம்பம் ஒரு சிறு வட்டமாகிறது. அருகருகே உள்ள இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. ராலே வகுத்த அளவுகோலின்படி, பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் = 1.22 × அலைநீளம் ÷ துவாரத்தின் விட்டம்.

குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 247-ஐ 6.5-ஆல் வகுத்தால் 38 மி.மீ. கைப்பேசியின் எஃப் எண் 1.8 என்றால், அதன் துவாரம் 2.8 மி.மீ. பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. என்று வைத்துக் கணக்கிடுங்கள். 100 மீட்டர் தொலைவில் கைப்பேசியால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 2.4 செ.மீ. பெரிய லென்சுக்கு அது 2 மி.மீ.-க்கும் குறைவு. வாத்தின் தலைப்பட்டைகளுக்கு இடையே உள்ள தூரமோ சில சென்டிமீட்டர்தான். சிறிய லென்சில் இரண்டு பட்டைகளும் கலங்கிப்போகும். உணரியில் எத்தனை கோடிப் புள்ளிகளை வைத்தாலும் இந்தக் குறை தீராது.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிராவில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. அன்று புள்ளிகளைப் பெருக்குவது பெரிய முன்னேற்றம். இன்றோ 4 × 6 அங்குலப் படத்தை நன்றாக அச்சிட 22 இலட்சம் புள்ளிகள் போதும். 160 இலட்சம் புள்ளி, அதாவது 16 மெகாபிக்சல் உள்ள காமிரா உங்களுக்குத் தாராளம்.

ஊகம் வேறு, பார்வை வேறு

இக்காலக் கைப்பேசிகள் சிலவற்றில் 3 அல்லது 5 மடங்கு ஒளியியல் லென்சு தனியாகவே இருக்கிறது. அது நல்ல முன்னேற்றம். திருமணம், வீட்டு விசேஷம், சுற்றுலா ஆகியவற்றுக்குக் கைப்பேசியே போதும். அதற்காகப் பணம் செலவழித்து வேறு காமிரா வாங்க வேண்டியதில்லை. ஆனால் சில கைப்பேசிகள், லென்சுக்கு எட்டாத விவரங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஊகித்து நிரப்புகின்றன. படம் அழகாக இருக்கும். அந்தப் பட்டை வாத்தின் தலையில் இருந்ததா, கணிப்பொறி வரைந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது. பறவையைப் படம் எடுத்துக் குறிப்பேட்டில் தேதி எழுதும் மாணவருக்கு அந்தப் படம் ஒரு சான்று. சான்றில் ஊகம் கலக்கக் கூடாது. பெரிய லென்சுக்காக நான் வாதாடுவதன் முதற்காரணம் இதுதான்.

தமிழ்நாட்டு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல்லாண்டுகள் கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே காட்டு விலங்குகளைப் பதிவு செய்தவர். விலையுயர்ந்த புதுக் கருவிகளைத் தேடி அலையாமல், வெவ்வேறு பகுதிகளைச் சேர்த்துத் தமக்கேற்ற காமிராவைத் தாமே அமைத்துக்கொண்டார். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கருவி அதன் பின்னால் வந்தது.

வாங்கும்போது

மாணவியின் தந்தைக்கு நான் எழுதிக் கொடுத்த யோசனைகள் இவை. ஒளியியல் ஜூமை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். நீண்ட குவியத்தூரத்தில் கை சிறிது நடுங்கினாலும் படம் கலையும். ஆகவே ஒளியியல் நடுக்கத் தடுப்பு அவசியம். வெயிலில் திரை தெரியாது என்பதால், கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சித்துளை இருப்பது நல்லது. எடையையும் பாருங்கள். நிக்கான் நிறுவனத்தின் பி 1000 என்ற காமிரா 125 மடங்கு ஒளியியல் ஜூம் உடையது. ஆனால் சுமார் 1.4 கிலோ எடை. பள்ளிப் பிள்ளை நாள் முழுவதும் கழுத்தில் சுமக்க முடியாது.

புதிதுதான் வேண்டும் என்பதில்லை. 2010-இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் 80 இலட்சத்துக்கும் குறைவு. கைப்பேசி வந்த பின் அலமாரியில் உறங்கும் நல்ல காமிராக்கள் ஏராளம். 30 மடங்கு ஒளியியல் ஜூம் உள்ள பழைய காமிரா, ஜூமே இல்லாத புதுக் காமிராவைவிட மேலானது. ஆனால் பழையதை வாங்குமுன் லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜூமை முழுவதும் நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். மின்கலம் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மேலே கணக்கிட்ட காமிராவில் ஜூமை முழுவதும் நீட்டினால், எஃப் எண் 3.4-இலிருந்து 6.5-க்குப் போகிறது. ஒளி சுமார் கால்பங்காகக் குறையும். அதனால் அந்தி வேளையில் படம் சரியாக வராது. நண்பகலிலோ ஏரியின் மேல் சூடான காற்று அலைந்து பிம்பத்தைக் கலைக்கும். காலை வெயிலே ஏற்றது. அரிசி நிரப்பிய சிறு துணிப்பையைக் கரைச்சுவரில் வைத்து, அதன்மேல் காமிராவை அமர்த்துங்கள். செலவில்லாத தாங்கி அது!

பணம் அவ்வளவு இல்லையென்றால், 42 மி.மீ. துவாரமும் 8 மடங்கு பெருக்கமும் கொண்ட ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். படம் கிடைக்காது, பறவை கிடைக்கும். பாதி வேலை செய்யும் காமிராவைவிட முழு வேலை செய்யும் பைனாகுலர் சிறந்த பரிசு என்பதே என் கருத்து.

ஒளியியல் ஜூமையும் டிஜிட்டல் ஜூமையும் பெருக்கி ஒரே எண்ணாக அச்சிடுவதை நிறுவனங்கள் கைவிட வேண்டும். குவியத்தூரத்தையும் எஃப் எண்ணையும் பெட்டியின் முகப்பிலேயே, நம் மொழியிலும் அச்சிட வேண்டும். அதுவரை நாம்தான் கணக்குப் போட்டாக வேண்டும். பாலைவன வெயிலில் ஒரு தந்தை சேர்த்த பணத்துக்கு, பத்தாம் வகுப்பு மகள் போடும் ஒரு வகுத்தல் கணக்கு காவலாக நிற்குமானால், அந்தப் பாடம் வீண்போகவில்லை.

மாணவி அன்றே தன் தந்தையுடன் பேசினாள். "அத்தா, எத்தனை மடங்குன்னு கேக்காதீங்க. லென்சு மேல என்ன எழுதியிருக்குன்னு படம் பிடிச்சு அனுப்புங்க" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

பறவைகள் வரும் பருவத்தில் நீங்களும் கரைவெட்டிக்குச் சென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். நீண்ட லென்சு நமக்கு எதற்கு? பறவையை நெருங்கிக் கலைக்காமல் இருப்பதற்கு. கரையிலேயே நில்லுங்கள். அருகில் போகும் வேலையை ஒளி பார்த்துக்கொள்ளும்.