பயிற்சி என்றால் பட்டினியா?



விமானம் ஓட்டுகிறவன் கூலி இல்லாமல் வேலை செய்கிறான் என்று சொன்னால் நம் தாய்மார்கள் நம்பமாட்டார்கள். டோபிகானாவிலும் வாத்துருத்தியிலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் நமக்கு விமானி என்றால் பெரிய இடத்துப் பிள்ளை. ஆனால் செய்தி உண்மை. நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால்தான் வணிக விமானி உரிமம். அதற்கே பல லட்சம் கடன். ஐரோப்பாவில் சில கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பயணிகள் டிக்கெட் வாங்கி ஏறிய விமானத்தைப் புதிய விமானி ஓட்டுவான். சம்பளம் வாங்கமாட்டான், எதிர்ப்பணம் கட்டுவான்! இதற்குப் பெயர் பயிற்சி. அங்குள்ள விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்து வருகின்றன.

இங்கே 2009ல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்தார்கள். முன்னின்ற இருவரை நிர்வாகம் நீக்கியது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் நோய் விடுப்பு எடுத்தனர். ஐந்தே நாளில் சமரசம் வந்தது. அதே கம்பெனி 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது, அவர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. சங்கம் மந்திரக்கோல் அல்ல. ஆனால் சங்கமும் இல்லாதவனுக்குக் கேட்க நாதி ஏது?

இந்தப் பாடம் மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூப்பன் தகரச் சாப்பாவை வீசி எறிவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. சாப்பா 1953லும் பறந்தது! அதை நிறுத்தச் சொல்லி நடந்த வேலைநிறுத்தத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் சைதும் சைதலவியும் மாண்டார்கள். போலீஸ் சித்திரவதையில் ஆன்டனி உயிர்விட்டார். சட்டம் தாளில் இருந்தால் போதாது, அதைப் பிடித்து நிறுத்தச் சங்கம் வேண்டும் என்பதற்கு இந்த மூவருமே சாட்சி.

இன்று நம் பிள்ளைகளிடம் "ஆறு மாதம் தொழில் கற்றுக்கொள், பிறகு சம்பளம் பார்க்கலாம்" என்கிறார்கள். பட்டறையில், கடையில், ஓட்டலில் இதே பேச்சு. ஏழாவது மாதம் வேறொரு பிள்ளை வருகிறான். இதுவும் சாப்பாதான்.

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், உதவித்தொகையும் கொடுத்தாக வேண்டும். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை அனுப்பும் முன் எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு? தர மறுத்தால் தனியே சண்டைக்குப் போகவேண்டாம், சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம். கற்றுக்கொள்கிற கையும் உழைக்கிற கைதான். அதற்குக் கூலி உண்டு.