கணக்கற்றவர்களின் கர்வம்

நாடகக்காரன் வரவு செலவு எழுத உட்கார்ந்த நிமிஷத்தில் அவனுக்குள்ளிருந்த கலைஞன் எழுந்து போய்விடுகிறான் என்று நம் வட்டாரத்தில் ஒரு வாக்கியம் புழங்கி வருகிறது. கூட்டங்களில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. மான்யத்துக்கு விண்ணப்பம் போட்ட ஒரு குழுவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லி விவாதத்தை முடித்து வைத்துவிடுகிறார். பகல் பூராவும் பிறர் பணத்தை எண்ணிச் சம்பளம் வாங்கிவிட்டு, இரவில் கவிதை பற்றி எழுதுகிற எனக்கு இந்த வாக்கியம் ஒத்துக்கொள்வதில்லை. என் பிழைப்புக்கு வக்காலத்து வாங்குவது நோக்கமில்லை. இதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியின் தயவில் மறுபாதிப் பொய் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மத்திய அரசின் கலாச்சார அமைச்சகம் நாடக, இசை, நடனக் குழுக்களுக்கு ஒரு மான்யம் தருகிறது. ரெபர்ட்டரி கிராண்ட் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். குரு-சிஷ்யப் பரம்பரையை வளர்ப்பதற்கான உதவி என்று இதற்குப் பெயர். நாடகக் குழுவானால் ஒரு குருவும் 18 சிஷ்யர்கள் வரையிலும். இசை, நடனமானால் ஒரு குருவும் 10 சிஷ்யர்கள் வரையிலும். மாதாமாதம் இவர்களுக்கு இவ்வளவு என்று கணக்கு. இதைக் கேட்க வேண்டுமானால் குழு பதிவு பெற்றிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு, நடவடிக்கை அறிக்கை, பத்திரிகைச் செய்தி நறுக்குகள் எல்லாம் வேண்டும். பணம் வந்து செலவான பிறகு 12-ஏ என்ற படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும்.

இதில் எந்தக் காகிதமும் தன்னளவில் அநியாயமானதில்லை. பொதுப்பணம் வாங்குகிறவன் ரசீது காட்டத்தான் வேண்டும். விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, இந்த நாடகத்தை நீ இயக்கு, அடுத்ததை நான் இயக்குகிறேன் என்று முறை வைத்து நடத்தும் குழுவில் குரு யார்? வட மாவட்டங்களில் ஒரு கூத்து ஜமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கி, ஆடி முடித்துக் கிடைத்ததை வேஷத்துக்கும் வாத்தியத்துக்கும் தக்கபடி பிரித்துக்கொள்கிற அமைப்பு அது. அங்கே மாதச் சம்பளம் என்கிற வஸ்துவே கிடையாது. ஆனால் படிவத்தில் பங்குக்காரனுக்கு இடமில்லை, சிஷ்யனுக்குத்தான் இடமிருக்கிறது. எனவே நாற்பது வருஷம் துரியோதனன் கட்டிய மனிதர் ஒரே நாளில் சிஷ்யராகிவிடுகிறார். அவருடைய கையெழுத்து வவுச்சரில் விழுகிறது. தொகை சரி, கூட்டல் சரி, ஆடிட்டருக்குத் திருப்தி. பொய் எண்ணில் இல்லை, பெயர்ச்சொல்லில் இருக்கிறது. அதனால்தான் எந்தத் தணிக்கையிலும் அது அகப்படுவதில்லை.

இன்னொரு உதாரணம். நிதி வருஷம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. கூத்து ஜமாவின் பருவமோ மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடி வரை போகிறது. மார்ச் 31 பங்குனியின் நட்டநடுவில் வந்து விழுகிறது. முன்பணம் ஒரு வருஷத்துக் கணக்கில், ஆட்டமும் மிச்சப்பணமும் அடுத்த வருஷத்துக் கணக்கில். ஒரே பருவம் இரண்டு துண்டாகிறது. முதல் வருஷம் லாபம் மாதிரியும் இரண்டாம் வருஷம் நொடிப்பு மாதிரியும் தெரிகிறது. மேஜைக்குப் பின்னாலிருந்து இதைப் படிக்கிறவர் ஸ்திரமில்லாத அமைப்பு என்று ஓரத்தில் குறிக்கிறார். அவர் துஷ்டரில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற இடத்தில்தான் மறுபாதி தொடங்குகிறது. சொல்வதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை. நாம் எதையும் குறித்து வைப்பதில்லை. குறித்து வைக்காததை ஒரு தர்மமாகவே ஆக்கி வைத்திருக்கிறோம்.

கணக்கை வெறுக்கும் சுதந்திரம் யாருக்கு வாய்த்திருக்கிறது? இந்த இதழில் எழுதுகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் பாங்க், இன்சூரன்ஸ், தபால் இலாகா, கல்லூரி என்று வரிசை போகிறது. ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி அச்சுக்கூடத்துக்குப் போகிறது. நம்முடைய தூய்மைக்கு முதல் போட்ட முதலாளி நம்முடைய மாதச் சம்பளம். வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு தேவைகளைத் தள்ளிப் போட்டவள் இரண்டாவது முதலாளி. இருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டதனால் இலக்கியம் பணமில்லாமலே நடப்பதாக ஒரு தோற்றம் உண்டாகிறது. அந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டு, மான்யம் கேட்கப் போகிற கூத்துக்காரனை நாம் விசாரிக்கிறோம்.

1959 முதல் 1970 வரை சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ 119 இதழ்கள் கொண்டுவந்தார் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் விற்கப் போனார் என்பதையும் புராணம்போல் சொல்லிக்கொள்கிறோம். ஓர் இதழுக்கு அச்சுக்கூலி என்ன, காகிதம் என்ன, சந்தா எவ்வளவு, கைநஷ்டம் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? தியாகம் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிட்டோம். தியாகம் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இத்தனை ரூபாய் என்று எழுதிவிட்டால், அதை யார் ஏன் தர வேண்டியிருந்தது என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

எண்கள் எப்போதும் அதிகாரியின் ஆயுதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் 1966இல் நிகழ்கலைகளின் பொருளாதாரச் சிக்கலைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். ஆர்கெஸ்ட்ராக்கள், நாடகக் கொட்டகைகள், ஆபரா, நடனக் குழுக்கள் ஆகியவற்றின் கணக்குகள்தாம் அதற்கு அஸ்திவாரம். தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்து உற்பத்தி வருஷா வருஷம் பெருகுகிறது, கூலியும் ஏறுகிறது. நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய ஒரு சங்கீதத்துக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்க முடியாது. ஆகவே நிகழ்கலையின் பற்றாக்குறைக்கு நிர்வாகக் கோளாறு காரணமில்லை, அது அந்தக் கலையின் அமைப்பிலேயே இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். கலைஞனுக்கு இதைவிடப் பெரிய சாட்சியத்தை எந்தக் கவிஞனும் கொடுத்துவிடவில்லை. அந்தக் குழுக்கள் கணக்கு எழுதாமல் இருந்திருந்தால் இந்தச் சாட்சியமும் இல்லை.

அதே தேசத்தில் கதையின் அடுத்த அத்தியாயத்தையும் பார்க்க வேண்டும். 2004இல் பென்ஸில்வேனியாவில் ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு குழு தன் விவரங்களை வருஷத்துக்கொரு முறை ஒரே இடத்தில் நிரப்பிவிட்டால், மான்யம் தருகிற பல ஸ்தாபனங்களும் அதையே எடுத்துக்கொள்ளும். பத்துப் படிவத்துக்குப் பதில் ஒன்று. யோசனை நல்லதுதான். பிறகு பல மாநிலங்களுக்குப் பரவி, 2018இல் டல்லாஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் போய்ச் சேர்ந்தது. ஆனால் கட்டங்கள் பொதுவானவுடன், கட்டத்துக்குள் அடங்காதது எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் அடங்காததாகிவிடுகிறது. அந்த நாட்டுக் கணக்கியலில் 1993இல் வந்த ஒரு விதி உண்டு. ஓர் அமைப்புக்கு இலவசமாகக் கிடைக்கிற உழைப்பை வரவாகக் காட்டுவது பற்றியது. தச்சர், வக்கீல், கணக்காளர் மாதிரி தனித்திறமை உள்ளவர், அமைப்பு காசு கொடுத்தாவது பெற்றிருக்க வேண்டிய வேலையைச் சும்மா செய்து கொடுத்தால் அது கணக்கில் ஏறும். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், நாற்காலி போடுபவர் உழைப்பு ஏறாது. சொத்து எதையாவது உருவாக்கினாலன்றி. எது உழைப்பு, எது உழைப்பில்லை என்று தீர்மானிக்கிற இந்த விதியை நான் ஒரு விமர்சனக் கோட்பாடாகவே படிக்கிறேன். நாம் மறுக்க வேண்டியதும் இந்த இடத்தில்தான். மறுப்பதற்கு நாற்காலி போட்டவர் எத்தனை மணி நேரம் போட்டார் என்று நாம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்குச் சோடையில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் ஒரு திருத்தம் வந்தது. நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 20 ஆகியது. பணம் முதலில் புது டில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர வேண்டும் என்றும் ஆயிற்று. அந்த விதிகளில் நிதியைக் கணக்கு வைப்பதற்கு ஆகும் செலவும் நிர்வாகச் செலவுதான். ஒரு கையால் கணக்கு அதிகம் கேட்டு, மறு கையால் கணக்கு எழுதுகிறவன் சம்பளத்தை வெட்டுகிறார்கள். நம்மவர்கள் இதையெல்லாம் எதிர்த்து ஒரு வரி எழுதியதாக நினைவில்லை. கலை செத்துவிட்டது என்று மட்டும் எழுதினார்கள்.

சங்கமாகப் பதிவு செய்வதையும் நாம் இதே அலட்சியத்தோடுதான் செய்கிறோம். 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மச்சினன், ஒன்றுவிட்ட தம்பி, ஒத்திகைக்கே வராத ஒரு சிநேகிதன் என்று ஏழு பெயர் சேர்த்துவிடுகிறோம். தினம் வந்து விளக்குப் போடுகிற பையன் பெயரை மறந்துவிடுகிறோம். படிவம் நம்மைப் பொய் சொல்ல வைக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்தப் பொய்யை எந்தப் படிவம் சொல்ல வைத்தது என்று சொல்லட்டும்.

செய்யக்கூடியது ஒன்றுண்டு. விண்ணப்பம் வருவதற்கு முன்பே குழு தனக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டங்களை நாமே போட வேண்டும். ஒத்திகை எத்தனை நாள், யார் வந்தார், அதற்காக அன்றைய கூலியை யார் இழந்தார், சோறு யார் பொங்கினார், இடம் யார் சும்மா கொடுத்தார், எந்த ஊர் அழைத்தது. பார்வையாளர்களை உத்தேசமாகச் சொல்லாமல் ஆள் வைத்துத் தலை எண்ண வேண்டும். கூத்தானால் நடுநிசியில் ஒரு தரம், விடியும்போது ஒரு தரம். படிவம் வரும்போது அதற்கு வேண்டியதை இதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். படிவத்தின் சொல் பொருந்தாத இடத்தில், எங்களிடம் குரு இல்லை, பங்குக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தனித்தாளில் எழுதி இணைக்கலாம். விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். ஆனால் ஐம்பது குழுக்கள் அதே தனித்தாளை இணைத்தால் அது ஒரு கோப்பாகும். கோப்பானதற்கு ஒரு நாள் பதில் சொல்லியாக வேண்டும்.

பாங்கில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் புத்தகத்து இருப்பும் எங்கள் ஏட்டு இருப்பும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் கூச்சல் போடுவதில்லை. வித்தியாசம் எதனால் என்று வரிவரியாக எழுதி ஓர் அறிக்கை தயாரிப்பார்கள். வித்தியாசம் குற்றமில்லை. விளக்கப்படாத வித்தியாசம்தான் குற்றம். கலைக்கும் அரசுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். அதை எழுதிக் காட்டுகிற சிரத்தை இல்லாதவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். அடுத்த இதழில் கவிதைகளைக் குறைத்தாவது ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்தப் பத்திரிகையின் சென்ற வருஷத்து வரவு செலவை அதில் அச்சிடுங்கள்: அச்சுக்கூலி, தபால், வராத சந்தா, யார் கையிலிருந்து எவ்வளவு போயிற்று என்பது வரை. புரூஃப் பார்த்தவர் பெயரும், உறையில் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டியவர் பெயரும், அவர்கள் செலவழித்த மணிக்கணக்கும் சேர்த்து. கூத்து ஜமாவிடம் கணக்குக் கேட்கலாமா கூடாதா என்ற விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.