குறுவட்டைக் குப்பையில் போடாதீர்!



"டீச்சர், இந்தத் தமிழ் சி.டி. வீட்டுக் கணினியில் ஓடவில்லை. தமிழ் சி.டி. என்றாலே இப்படித்தான்!"

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் என்னிடம் சொல்லிச் சலித்துக்கொள்ளும் குறை இது. இதில் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது வீண்பழி. அந்தப் பழியை மறுக்கவே இப்பதிவு.

2003ஆம் ஆண்டு அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியபோது மடிக்கணினியும் எல்.சி.டி. கருவியும் பாடக் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்தன. அக்காலத்தில் தமிழிலும் எழுத்துப் பயிற்சி, கதை, பாடல், திருக்குறள் எனக் குறுவட்டுகள் வெளிவந்தன. இன்று அவை அலமாரிகளில் முடங்கிக் கிடக்கின்றன. பழுதானவை என்று முத்திரை குத்தி, அடுத்த கூட்டுப்பணி நாளில் எறிந்துவிடக் காத்திருக்கிறோம். பழுது உண்மையில் வட்டிலா இருக்கிறது?

பழுது எங்கே?

முதலில் டி.வி.டி.யை எடுத்துக்கொள்வோம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸ் மீடியா பிளேயர் டி.வி.டி. படத்தை ஓட்டுவதில்லை. அதற்கான நிரலுக்குச் செலுத்தவேண்டிய உரிமக் கட்டணத்தைக் காரணம் காட்டி மைக்ரோசாப்ட் அவ்வசதியை நீக்கியது. பழைய கணினியில் ஓடிய வட்டு புதுக் கணினியில் ஓடாமற் போனால் கெட்டது வட்டன்று, நீக்கப்பட்டது நிரல். இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. மென்பொருளை நிறுவினால் பெரும்பாலான டி.வி.டி.களும் வி.சி.டி.களும் ஓடும்.

இரண்டாவது, வட்டாரப் பூட்டு. டி.வி.டி. வெளியீட்டாளர்கள் உலகைக் கூறுபோட்டு எண் கொடுத்தார்கள். மலேசியா 3ஆம் வட்டாரம். இந்தியா 5ஆம் வட்டாரம். ஆகவே தமிழகத்தில் வாங்கிய சில வட்டுகளை நம் கணினி மறுக்கலாம். வட்டு இயக்கியின் வட்டார எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்ற இயலும். கணினி கேட்கும்போதெல்லாம் சம்மதம் தந்துவிடாதீர்.

மூன்றாவது, பிளாஷ். சுட்டியால் தொட்டு விடையளிக்கும் பயிற்சிகள் பல அதில்தான் உருவாயின. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் பிளாஷ் பிளேயர் தானே இயங்க மறுத்தது. உலாவியில் திறக்கும் பயிற்சிகள் வெற்றுத் திரையாகிவிட்டன. 'ரஃபிள்' என்னும் இலவச நிரல் அவற்றுள் பலவற்றை மீண்டும் திறந்து காட்டும்.

நான்காவது, எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, தாப், தாம் எனப் பல குறியாக்கங்கள் இருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகள் தோன்றும். வட்டிலேயே எழுத்துருக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து அதை நிறுவினால் பெரும்பாலும் தமிழ் தெரியும். இதை அறியாமல் "தமிழ் கணினிக்கு ஒத்துவராது" என்று பேசுவது எவ்வளவு பெரிய அநீதி! 1985ஆம் ஆண்டிலேயே முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது இந்த மலேசிய மண்ணில் அல்லவா?

அறியாமையின் விலை

மென்பொருள் சிக்கலை வட்டின் குற்றமாகக் கொள்வதால் ஏழைகளின் பணம் வீணாகிறது. டி.வி.டி. ஓடவில்லை என்று கணினியைத் தூக்கிச் சென்ற தோட்டத் தொழிலாளி ஒருவரிடம், ஒரு கடையில் "விண்டோசையே புதிதாகப் போட வேண்டும்" என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். போட்ட பிறகும் வட்டு ஓடவில்லை. எப்படி ஓடும்? இல்லாத நிரல் இல்லாமலேதானே இருக்கிறது!

"எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, இந்தப் பழைய வட்டு எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலைச் சரிவுத் தோட்டங்களில் இணைய அலைக்கு அலைந்த பிள்ளைகளைக் கண்டவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். வட்டுக்கு அலைவரிசை வேண்டாம். மாதக் கட்டணமும் வேண்டாம். மேலும், இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்பதற்கு உறுதி உண்டா? நாடு முழுவதும் பள்ளிகளில் புகுத்தப்பட்ட 'ஃபிராக்' கற்றல் தளம் 2019ஆம் ஆண்டின் நடுவில் நின்றுபோனதே! வட்டு நம் கையில் இருக்கிறது. அதைக் காப்பதும் எறிவதும் நம் விருப்பம்.

என்ன செய்யலாம்?

1. ஓடாத வட்டை முதலில் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர். பிறகு வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கு ஓடினால் வட்டு நலமே.

2. வி.சி.டி.யைத் திறந்து 'எம்பெக் ஏவி' என்னும் கோப்புறையிலுள்ள படக்கோப்பை நகலெடுத்து வி.எல்.சி.யில் ஓட்டுங்கள்.

3. பயிற்சி வட்டுகளை முழுமையாக 'ஐ.எஸ்.ஓ.' கோப்பாக மாற்றிச் சேமியுங்கள். இதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் 8 முதல், அக்கோப்பை இருமுறை சொடுக்கினாலே வட்டைப் போலத் திறக்கும். ஒரு குறுவட்டின் கொள்ளளவு சுமார் 700 மெகாபைட். ஆகவே 16 கிகாபைட் விரலி ஒன்றில் இருபது குறுவட்டுகள் அடங்கும்.

4. நகலெடுப்பது விற்பதற்கன்று, காப்பதற்கே. வெளியீட்டாளர் இருந்தால் கடிதம் எழுதி இசைவு கேளுங்கள். வெளியீட்டாளர்களே, நீங்களும் முன்வந்து உங்கள் படைப்புகளை இன்றைய வடிவத்தில் தாருங்கள்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இயக்கியே இல்லை. வெளியிலிருந்து இணைக்கும் இயக்கி ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்தால் பள்ளி முழுவதற்கும் போதும். பழைய இயக்கிகளும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. காலம் தாழ்த்தினால், நல்ல வட்டு கையிலிருந்தும் அதைப் படிக்கக் கருவி இருக்காது.

ஏட்டுச் சுவடிகளைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு அழுத இனம் நாம். குறுவட்டுகளையும் அப்படி இழக்க வேண்டுமா? இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
கேமரன் மலை, பகாங்