சுழலும் முன் சொன்ன சொல்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீனினம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட தடைக்காலம் அது. அந்நாள்களில் இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரை எப்போதும்போல் யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும். துறைமுகப் பக்கமோ வேறொரு வேலையில் ஆழ்ந்திருக்கும். பலகை மாற்றுவோரும், வர்ணம் பூசுவோரும், எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுவோருமாகப் படகுதோறும் ஆட்கள் இருப்பார்கள்.

தடைக்காலம் முடிய மூன்று நாள்களே இருந்த ஒரு பிற்பகல். ஒரு விசைப்படகின் எஞ்சின் அறையில் மெக்கானிக்கும், அவரிடம் தொழில் பழகும் அவருடைய சகோதரியின் மகனும் வேலையில் இருந்தார்கள். படகுக்காரரின் தந்தையார், எண்பதை எட்டிய பெரியவர், மேல்தளத்தில் நிழலில் அமர்ந்திருந்தார்.

ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் அது. காற்றும் புகையும் செல்லும் குழாய்கள் பக்கவாட்டில் கழற்றப்பட்டிருந்தன. எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாய்கள் திறந்து கிடந்தன. குழாய்களை இறுக்கும் நட்டுகளை இளைஞன் துடைத்துக் கொண்டிருந்தான். கடற்காற்றிலும் எஞ்சின் சூட்டிலும் துருவேறி இறுகிவிடாமல் இருப்பதற்காக அவை பித்தளையால் ஆனவை. எண்ணெய் படிந்த விரல்களிலிருந்து ஒரு நட்டு நழுவியது. எதன்மீதோ பட்டு ஒலித்தது. பின்னர் ஒலியே இல்லை. இரண்டாவது சிலிண்டரின் காற்று வாய்க்குள் அது போய்விட்டது.

மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பதற்காக எஞ்சினைக் கையால் சிறிது சுற்ற எண்ணி, பெரிய ஸ்பானரை எஞ்சினின் முன்பக்கக் கப்பியில் மாட்டினார்.

இளைஞனின் நெஞ்சு படபடத்தது. சொன்னால் மாமா என்ன சொல்வாரோ? படகுக்காரர் வேலையை விட்டே அனுப்பிவிடுவாரோ? பெட்டியில் அதேபோன்ற நட்டுகள் இன்னும் பல இருந்தன. ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எழுந்து அடங்குவதற்குள் ஸ்பானரின் மீது மெக்கானிக்கின் கை இறுகியது.

“மாமா, சுற்றாதீர்கள்! ஒரு நட்டு உள்ளே விழுந்துவிட்டது.”

கை அப்படியே நின்றது.

அந்த ஒரு சொல் எதைக் காத்தது என்பதை அறிய, எஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது அறிய வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றை மிக நெருக்கி அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அவ்வளவு நெருக்க வேண்டுமாயின், உச்சிக்கு வரும் பிஸ்டனுக்கும் அதன் மேலுள்ள மூடிக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளியே இருக்க முடியும். பல எஞ்சின்களில் அது ஒரு மில்லிமீட்டர் அளவே. அவ்விடத்தில் விரல்நுனி அளவுள்ள நட்டு ஒன்று அகப்பட்டால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 25 முறை மேலே வருகிறது. ஒவ்வொரு முறையும் சம்மட்டி அடிதான். பிஸ்டன் உடையலாம், வால்வு வளையலாம், மூடி பிளக்கலாம்.

கரையில் நின்றால் அது பணச்செலவோடு போகும். நடுக்கடலில் நின்றால் அப்படியன்று. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட கடல் எல்லை இராமேசுவரத்துக்கு வெகு அருகில் உள்ளது. எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே இழுத்துச் செல்லும் என்று யாராலும் கூற இயலாது. படகில் உள்ள அத்தனை பேரின் வீடுகளிலும் அடுப்பு எரிவது அந்த எஞ்சினை நம்பித்தான்.

மெக்கானிக் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. ஸ்பானரைக் கழற்றி வெளியே வைத்தார். பாட்டரியின் இணைப்பைப் பிரித்தார். யாரும் அறியாமல் எஞ்சினை முடுக்கிவிடக் கூடாதல்லவா? “எந்த வாயில் விழுந்தது? காட்டு” என்று மட்டும் கேட்டார். மற்ற ஐந்து வாய்களையும் பெரிய துணிகளால் அடைத்து, துணிகளையும் எண்ணிக்கொண்டார்.

காற்று வாய் நேராகச் செல்வதன்று. உள்ளே வளைந்து சென்று வால்வில் முடிவது. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை உள்ளே நீட்டி, டார்ச் ஒளியில் பார்த்தார். வால்வு மூடியிருந்தது. மூடிய வால்வின் முதுகின்மேல் நட்டு அமைதியாகக் கிடந்தது. எஞ்சின் சற்றே சுழன்று அந்த வால்வு திறந்திருந்தால் நட்டு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். பிறகு எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்றவேண்டி வந்திருக்கும். மூன்று நாள்களில் முடியும் காரியமா அது?

“காந்தத்தை விட்டு எடுக்கலாமே, மாமா?” என்றான் இளைஞன்.

“பித்தளை காந்தத்தில் ஒட்டாது, தம்பி” என்றார் அவர்.

தடித்த செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, வாயின் வளைவுக்கு ஏற்ப வளைத்தார். நுனியில் கெட்டியான கிரீஸை உருண்டையாக அப்பினார். முதல் முறை கம்பி சுவரில் உரசி, கிரீஸ் வழியிலேயே ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு மீண்டும் முயன்றார். இரண்டாம் முறை நட்டு ஒட்டியது. வளைவில் தட்டி மீண்டும் கீழே விழுந்தது. கம்பியின் வளைவைச் சற்றே திருத்தினார். மேலிருந்து எட்டிப் பார்த்த பெரியவர் புன்னகைத்தார்.

“துரோணர் பந்து எடுத்த கதைதான்” என்றார்.

கோயில் திருவிழாக்களில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர் அவர். அஸ்தினாபுரத்து இளவரசர்கள் விளையாடிய பந்து பாழுங்கிணற்றில் விழுந்தது. வலிமை மிக்க அத்தனை பேரும் செய்வதறியாது நின்றார்கள். அவ்வழியே வந்த துரோணர் கிணற்றை வெட்டவில்லை. உள்ளே குதிக்கவும் இல்லை. ஒரு புல்லை மந்திரித்து எறிந்தார். அது பந்தில் தைத்தது. அதன் நுனியில் இன்னொரு புல், அதன் நுனியில் மற்றொன்று எனத் தைத்துத் தைத்து ஒரு சங்கிலியாக்கிப் பந்தை மேலே இழுத்தார். விழுந்த பொருளை மீட்கத் தேவைப்பட்டது பெருவலிமையன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பொறுமை.

மூன்றாம் முறை நட்டு கிரீஸில் பதிந்து, வளைவைக் கடந்து, வெளிச்சத்துக்கு வந்தது. மெக்கானிக் அதைத் துடைத்து இளைஞனின் உள்ளங்கையில் வைத்தார்.

“எல்லாவற்றையும் எண்ணு.”

எண்ணினான். நட்டுகள் சரியாக இருந்தன. துணிகளும் சரியாக இருந்தன. உள்ளே ஒட்டிய கிரீஸைத் துடைத்தபின், ஸ்பானரை மாட்டி எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றினார். எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடுவதற்கு இரண்டு சுற்றுகள் வேண்டும். எங்கும் தடையில்லை.

இளைஞனின் கண்கள் கலங்கியிருந்தன. “என்மீது உங்களுக்குக் கோபம் இல்லையா, மாமா?”

“நட்டு எல்லார் கையிலிருந்தும் விழும். என் கையிலிருந்தும் விழுந்திருக்கிறது. நான் கடிந்தால் அடுத்த முறை நீ சொல்லமாட்டாய். சொல்லாத நட்டைத்தான் என்னால் எடுக்க முடியாது.”

மேலே அமர்ந்திருந்த பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. சென்ற வாரம் வீட்டில் பேரன் வந்து, “தாத்தா, ஒன்று சொல்லவேண்டும்” என்று தொடங்கியதும், அவர் முகத்தைப் பார்த்து, “ஒன்றுமில்லை” என்று திரும்பிச் சென்றதும் அவருடைய நினைவுக்கு வந்தன. அன்று அவன் எதைச் சொல்ல வந்தானோ! குடும்பமும் இடைவிடாது சுழலும் ஓர் எஞ்சின்தான். அதில் இளையோர் கை தவறி எதையேனும் விழவிடுவது இயல்பு. வால்வு திறப்பதற்குள் அவர்கள் சொல்லிவிட்டால் ஒரு கம்பியும் சிறிது கிரீஸும் போதும். சொல்ல வைப்பதோ பெரியவர்களின் முகத்தில் இருக்கிறது.

மாலை வெயில் தணிந்ததும் அவர் எழுந்தார். “இன்று சற்று முன்னதாகவே வீட்டுக்குப் போகிறேன்” என்று கூறி, படகின் ஏணியைப் பற்றி மெல்ல இறங்கினார்.